அக்கரை எது? இக்கரை எது?



அண்மையில் என் வகுப்பு மாணவர்களிடம் பினாங்கு மாநில வரைபடத்தைக் கொடுத்து, "நாம் வாழும் மாநிலத்திற்கு வண்ணம் தீட்டுங்கள்" என்றேன். ஒரு மாணவி தீவுக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருந்தாள். காரணம் கேட்டேன். "இதுதானே பினாங்கு டீச்சர், நாம அக்கரை" என்றாள். மாக் மண்டினில் அமர்ந்துகொண்டு மாக் மண்டினையே அக்கரை என்கிறாள்!

பிழை அவளுடையதன்று. சில ஆண்டுகளுக்கு முன் தீவில் நடந்த ஒரு போட்டியில், "அக்கரைப் பள்ளிகள் பின்வரிசையில் அமரலாம்" என்ற அறிவிப்பைக் கேட்டு, நானும் மறுமொழியின்றிப் பின்வரிசைக்குச் சென்றவள்தான்.

'அக்கரை' என்பது அகரச் சுட்டும் 'கரை'யும் சேர்ந்த சொல். 'கடலோர', 'மலைப்புற' போன்ற அடைகள் நிலத்தின் தன்மையைக் கூறும். 'அக்கரை'யோ, சொல்பவர் நிற்கும் இடத்தையே கூறும். படகுத்துறையில் நின்று, "அக்கரைக்குப் போகிறேன்" என்று நான் சொன்னால், அது ஜார்ஜ்டவுன். ஆகவே, எந்த ஊரும் என்றென்றைக்கும் அக்கரையாக இருக்க முடியாது.

பினாங்குத் தீவு 1786-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. எதிரிலுள்ள நிலப்பகுதி 1800-இல் கெடாவிடமிருந்து பெறப்பட்டு, வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றது. இன்று அது செபராங் பிறை. 'செபராங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கும் எதிர்ப்புறம் என்பதே பொருள். பெயர் என்ற அளவில் அது இருக்கட்டும். ஆனால், 2019-இல் மாநகரத் தகுதி பெற்ற பகுதி இது. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, மாநில மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இங்குதான் வாழ்கின்றனர். பரப்பளவிலும் தீவைப்போல் இரு மடங்குக்கு மேல்.

"பழகிப்போன சொல்தானே, இதில் என்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். பெரியவர்களுக்கு அது வெறும் வழக்கு. பிள்ளைகளுக்கு அது பாடம். தம் ஊரைப் பிறர் நிற்கும் கரையிலிருந்தே பார்க்கப் பழகும் பிள்ளை, தன்னையும் அவ்வாறே ஒதுக்கிப் பார்க்கும்.

எனவே, சுட்டெழுத்தை நடத்தும்போது இரு கரைகளையும் வரைந்து, மாணவர்களை மாறி மாறி நிற்கச் செய்யுங்கள். பெற்றோர்களும் வீட்டில் 'பட்டர்வொர்த்', 'மாக் மண்டின்' என்று ஊர்ப்பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

அந்த மாணவியிடம் வரைபடத்தைத் திரும்பக் கொடுத்தேன். எஞ்சிய பகுதிக்கும் அதே பச்சையைத் தீட்டினாள். அக்கரையும் பச்சை, இக்கரையும் பச்சை!