அணியில் பெயர் இல்லாத நாள்



சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று காலைப் பூசை முடிந்து பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது, வாசலில் ஒரு தந்தை காத்திருந்தார். பதினாறு வயது மகன் சற்றுத் தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். தோளில் கிரிக்கெட் பை. தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் மாலைதோறும் பந்து வீசிப் பழகுகிற பிள்ளை. சென்ற ஆண்டு அணித்தலைவனாக இருந்தவனின் பெயர் இவ்வாண்டுப் பட்டியலிலேயே இல்லையாம். காரணம் சொல்வாரும் இல்லையாம்.

“சாமி, உங்களுக்குத் தெரிந்தவர்கள் எவரேனும் இருப்பார்கள். ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்” என்றார் தந்தை.

நான் இசையவில்லை. இருவரையும் உள்ளே அமரச் செய்து, காப்பி வரவழைத்து, நம் ஊர்ப் பந்துவீச்சாளர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன்.

எஸ். வெங்கட்ராகவனை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1945இல் சென்னையில் பிறந்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். 1965இல், பத்தொன்பதாம் வயதில், நியூசிலாந்துக்கு எதிராக இந்திய அணியில் இடம் பெற்றார். அதே தொடரில் தில்லி ஆட்டத்தின் முதல் இன்னிங்சில் எட்டு, இரண்டாவதில் நான்கு என 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இனி அவர் பாதை நேரானது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் பொறியியல் படிப்புக்காக ஆட்டத்தை விட்டு விலகியிருந்த பிரசன்னா 1967இல் திரும்பி வந்தார். இருவரும் ஆஃப் ஸ்பின் வீசுபவர்கள். பிரசன்னா பந்தை உயரத் தூக்கி எறிந்து மட்டையாளரை ஆசை காட்டி வெளியே இழுப்பார். வெங்கட்ராகவனோ சற்று வேகமாக, தாழ்வாக, நூல் பிடித்தாற்போல் வீசுவார். பேடியும் சந்திரசேகரும் ஏற்கெனவே இருந்த அணியில் பெரும்பாலும் இவர்களில் ஒருவருக்கே இடம் கிடைத்தது. ‘பிரசன்னாவா, வெங்கட்டா?’ என்னும் வழக்குக்கு மயிலாப்பூர் மாடவீதிகளில் ஒரே தீர்ப்புதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரசன்னாவின் கலை நுட்பமானது என்பதை நான் மறுக்கமாட்டேன். எனினும் நம் ஊர்க்காரர் பக்கம் சாய்கிற பலவீனம் எனக்கும் உண்டு.

1971இல் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முறையாகத் தொடரில் வென்றபோது துணைத்தலைவர் அவரே. 22 விக்கெட்டுகளை எடுத்தார். 1974 டிசம்பரில் பட்டோடி காயமுற்றிருந்தமையால், தில்லி டெஸ்ட் ஆட்டத்தில் அணித்தலைவராகவே களமிறங்கினார். அடுத்த ஆட்டம் கல்கத்தாவில். ஆடிய பதினொருவரில் அவர் பெயர் இல்லை!

இவ்விடத்தில் அந்தப் பிள்ளை முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

1979இல் மீண்டும் தலைமை. அவ்வாண்டு உலகக் கோப்பையில் இலங்கையிடமும் தோற்றது நம் அணி; குறை சொல்வோருக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் ஓவல் மைதானத்தில், 438 ஓட்டங்கள் என்னும் எட்டாத இலக்கை விரட்டி, ஒன்பதே ஓட்டங்கள் குறைய ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தார்கள். அதில் கவாஸ்கர் 221 ஓட்டங்கள் எடுத்தார். தாயகம் திரும்பும் விமானத்திலேயே அறிவிப்பு வந்தது: அடுத்த தொடருக்குத் தலைவர் கவாஸ்கர். பயணிகள் அத்தனை பேரோடும் அமர்ந்து, தம் பதவி போன செய்தியை அவர் கேட்க நேர்ந்தது.

“அவருக்குக் கோபம் வரவில்லையா, சாமி?” என்றான் பையன்.

வந்திருக்கும். பொறுமையின் திருவுருவமாக அவரைச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. களத்தில் முன்கோபி என்றே அவர் பெயர் பெற்றவர். கோபத்தோடேயே தமிழ்நாட்டு அணிக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 1983இல், ஏறத்தாழ முப்பத்தெட்டு வயதில், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்ல மீண்டும் அழைப்பு வந்தது. ஆன்டிகுவா டெஸ்டில் அவரோடு பந்து வீசியவர் பதினேழே வயதான மற்றொரு சென்னைப் பிள்ளை, எல். சிவராமகிருஷ்ணன். அடுத்த ஆண்டு பம்பாயில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளை வீழ்த்தி நாடெங்கும் கொண்டாடப்பட்டவர் இவர். ஆனால் 1986 தொடக்கத்தில், இருபது வயதில், ஒன்பது டெஸ்டுகளோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்துவிட்டது. பம்பாயில் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களில் எத்தனை பேர் பின்னர் அவரைத் தேடிச் சென்றார்கள்? பிள்ளையின் பெயர் நாளேட்டில் வந்ததும் நாமும் அவ்வாறே ஆடுகிறோம்.

வெங்கட்ராகவனின் இறுதி டெஸ்டும் 1983இல்தான். மொத்தம் 57 ஆட்டங்கள், 156 விக்கெட்டுகள். அதன்பின் பத்தாண்டுகள் கழித்து, நடுவரின் வெள்ளை மேலங்கி அணிந்து மீண்டும் களம் புகுந்தார். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் தீர்ப்பு வழங்கினார். ஆடியவற்றைவிட இவையே மிகுதி. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆளுக்கு 213 ஓட்டங்கள் எடுத்துச் சமமாக நின்ற அந்த ஆட்டத்தின் நடுவர் இருவரில் ஒருவர் அவர்.

“அப்படியென்றால் என் மகனுக்கு நடந்தது நியாயம் என்கிறீர்களா?” என்று கேட்டார் தந்தை. நியாயம் என்று நான் சொல்லவில்லை. அநியாயமாகவே இருக்கலாம். ஆனால் என் கடிதத்தால் அவன் உள்ளே போனால், அதே கடிதத்தால் வெளியேறுகிற வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தந்தை காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மகன் பின்தொடர்ந்தான், பையை நாற்காலியருகே விட்டுவிட்டான். மறந்தானோ, வேண்டுமென்றே விட்டானோ.

மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. புதன்கிழமை மாலை, நவநாள் மணி அடிக்கும் நேரத்தில், அவன் தனியாக வந்தான். “அப்பாவுக்குத் தெரியாது, சாமி” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். தந்தை இன்னும் என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.