பெடல் எட்டலையா? பேட்டரி காரில் குறை டிரைவரின் உயரத்தில் இல்லை!

ரயில்வே ஸ்டேஷன், ஏர்போர்ட், வண்டலூர் பூங்கா, ஐ.டி. வளாகம்... எங்கேயாவது பேட்டரி காரில் ஏறியிருப்பீங்க. அடுத்த தடவை ஏறும்போது டிரைவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அவர் உயரம் குறைந்தவர் என்றால், முதுகு சீட்டில் பட்டிருக்காது. பெஞ்சின் நுனிக்கு வந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கால் விரலால் எக்கி எக்கி பெடலை மிதிப்பார். பின்னால் ஆறு பயணிகள், மடியில் குழந்தை, காலடியில் டிராலி பேக்.

இதைச் சொன்னால் பல இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: "கொஞ்சம் உயரமான ஆளா பார்த்துப் போடுங்க." கேட்க சுலபமான தீர்வு மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியில் ஒருத்தருடைய வேலை போகிறது, அதுவும் பெரும்பாலும் ஒரு பெண்ணுடைய வேலை. வண்டியில் இருக்கும் குறை அப்படியே இருக்கிறது.

சீட் ஏன் நகராது?

நாம் பேட்டரி கார் என்று சொல்வது அடிப்படையில் கோல்ஃப் கார்ட்தான். மைதானத்தில் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மட்டையோடு போவதற்காக உருவான வண்டி. காரில் சீட்டுக்கு அடியில் ஒரு லீவர் இருக்கும், இழுத்தால் சீட் முன்னால் வரும். கோல்ஃப் கார்ட்டில் பொதுவாக அது கிடையாது. காரணம், இருவர் சேர்ந்து உட்காரும் அந்த பெஞ்ச் உண்மையில் ஒரு மூடி! தூக்கிப் பார்த்தால் அடியில் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். பழைய லெட் ஆசிட் வகை என்றால், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவே சீட்டைத் தூக்கியாக வேண்டும். அதனால் பெஞ்ச் ஒரே இடத்தில் நிற்கிறது, பெடலும் ஒரே இடத்தில் நிற்கிறது. நகர வேண்டியது மனிதர் மட்டும்.

சரி, அந்த ஒரே இடம் யாருக்கு அளவெடுத்தது? அமெரிக்கக் கார் மோதல் சோதனைகளில் 'சிறிய உடல்வாகுப் பெண்' என்று ஒரு பொம்மையை வைப்பார்கள். அதன் உயரம் சுமார் 150 செ.மீ. அந்த நாட்டுப் பெண்களில் 100 பேரில் 5 பேர்தான் அதைவிடச் சிறியவர்கள் என்ற கணக்கில் செய்தது. இந்தியப் பெண்களின் சராசரி உயரமே 152 செ.மீ.தான். அங்கே ஓரத்தில் நிற்பவர் இங்கே நடுவில் நிற்கிறார். அவங்க சைஸில் தைத்த சட்டையை அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டு, கை நீளமாக இருக்கிறது என்று போட்டவரைத் திட்டுகிற கதைதான் இது.

அமெரிக்காவிலும் இது தீர்ந்துவிட்ட பிரச்சினை இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் கோல்ஃப் கார்ட்டுக்கென்றே சுமார் 160 கி.மீ. பாதை இருக்கிறது. பள்ளிக்கூடம், மளிகைக்கடை என எல்லாவற்றுக்கும் அதில்தான் போகிறார்கள். பக்கத்தில் பெற்றோர் உட்கார்ந்திருந்தால் 12 வயதுப் பிள்ளையே ஓட்டலாம். ஃப்ளோரிடாவின் 'தி வில்லேஜஸ்' ஓய்வுபெற்றவர்களின் ஊர். வயதாகி உயரம் குறைந்தவர்களின் தினசரி வாகனமே இதுதான். மைதானத்தை விட்டு வண்டி எப்போதோ வெளியே வந்துவிட்டது. பெஞ்ச் மட்டும் இன்னும் வரவில்லை.

நுனியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

பிரேக்கை அழுத்தி மிதிக்க காலில் மட்டும் பலம் இருந்தால் போதாது. மிதிக்கிற விசையைத் தாங்க முதுகு எங்காவது சாய்ந்திருக்கணும். நுனியில் இருப்பவர் ஓங்கி மிதித்தால் அவரே பின்னால் தள்ளப்படுவார். சுவரில் சாயாமல் ஒரு கனமான அலமாரியைக் காலால் தள்ளிப் பாருங்க, புரியும்.

இன்னொன்று, இந்த வண்டிக்குக் கதவு இல்லை. பல மாடல்களில் சீட் பெல்ட்டும் இல்லை. வளைவில் ஆளை வெளியே விழாமல் தடுப்பது பெஞ்சின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கைப்பிடிக் கம்பி. அது இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பயன். நுனிக்கு வந்துவிட்டால் கம்பி பின்னால் போய்விடும்.

தலையணை, மரக்கட்டை, டேப்...

டிரைவர்கள் சும்மா இருப்பதில்லை, ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். அதில் அதிகம் பார்க்க முடிவது உட்காரும் இடத்தில் தலையணை போடுவது. முன்னால் இருக்கும் பாதை நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் இடுப்பு மேலே போனால் பாதம் தரையிலிருந்து இன்னும் விலகும். எட்டாத பெடல் இன்னும் எட்டாமல் போகும்.

தலையணை வேண்டியது முதுகுக்குப் பின்னால். அதுவும் அமுங்கிப் போகிற பஞ்சுத் தலையணை இல்லை. பிளைவுட் பலகையில் கெட்டியான ஃபோம் ஒட்டி, நழுவாதபடி முதுகுச் சாய்வோடு பட்டை போட்டுக் கட்டிய குஷன். முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். செலவு குறைவு, பெடலில் கைவைக்கத் தேவையில்லை, ஷிப்ட் மாறும்போது கழற்றி வைத்துவிடலாம். பல பேருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

அப்படியும் எட்டவில்லை என்றால்தான் பெடலுக்கு வரணும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெடல் மீது ஒரு மரக்கட்டையை வைத்து டேப் சுற்றினால் பெடல் உயர்ந்துவிடும், சரி. குதிகால்? அது தரையில் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்கும். குதிகாலை ஊன்றி பாதத்தைத் திருப்பித்தான் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறுகிறோம். ஊன்ற இடம் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கால் சோர்ந்துவிடும், அவசரத்தில் மாற்றி மிதிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் பெடல் எவ்வளவு உயர்கிறதோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்குத் தரையும் உயரணும். வழுக்காத செக்கர்டு பிளேட்டில் ஒரு சின்ன மேடை செய்து போல்ட் போட்டு இறுக்கினால் போதும். பெடல் முழுசாகக் கீழே போகும்போது அந்த மேடையில் இடிக்கக் கூடாது.

பெடலை உயர்த்துவது என்றால் இரண்டையும் ஒரே அளவு உயர்த்தணும். பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மட்டும் உயர்த்துவது ஆபத்தான வேலை. பழகிய கால் பிரேக் என்று நினைத்து அதைத்தான் தேடிப் போகும். எடையும் முக்கியம். ஆக்சிலரேட்டரைத் திரும்ப மேலே கொண்டுவருவது ஒரு ஸ்பிரிங். கனமான கட்டையைக் கட்டினால் அந்த ஸ்பிரிங் தோற்றுப்போகும், காலை எடுத்தாலும் வண்டி நிற்காது. மின்சார மோட்டார் என்பதால் எஞ்சின் சத்தம்கூட எச்சரிக்காது. லேசான அலுமினியத் தகடுதான் சரி, அதை போல்ட் போட்டே பிடிக்கணும், டேப் கூடாது.

பல மாடல்களில் பிரேக் பெடலின் மேல் பகுதியை அழுத்தினால் பார்க்கிங் பிரேக் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் விடுபடும். தகடு அந்த மேல் பகுதியை மறைத்துவிடக் கூடாது. லேத் பட்டறையில் கொடுத்துச் செய்தாலும், அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மூன்று ஷிப்டில் மூன்று உயரக்காரர்கள் ஓட்டும் வண்டிக்கு நிரந்தரத் தகடு சரிவராது. ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு அதே தகடு முழங்காலை ஸ்டீயரிங்கில் இடிக்க வைக்கும். அங்கே குஷன், அல்லது சிறியவர்களுக்கென்று தனியாக ஒரு வண்டி.

யார் பொறுப்பு?

ஆட்டோவுக்கு எஃப்.சி. உண்டு, ஆர்.டி.ஓ. பார்ப்பார். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 'மோட்டார் வாகனம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி செய்த சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. வளாகத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியின் பெடலில் என்ன கட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அப்படியென்றால் பார்க்க வேண்டியவர் வண்டியை வாங்கி ஓட விடுகிற நிர்வாகம்தான். டிரைவர் தன் கைக்காசில் மரக்கட்டை வாங்கிக் கட்டுவது சாமர்த்தியம் இல்லை, நிர்வாகம் செய்யாமல் விட்ட வேலை.

டெண்டரில் பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும், எத்தனை பேர் உட்காரலாம், கூரை என்ன நிறம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். கூடவே ஒரு வரி: '5 அடி உயரமுள்ளவர் முதுகு சாய்ந்தபடி, முழங்கால் சற்று மடங்கிய நிலையில், பிரேக்கை முழுசாக மிதிக்க முடிய வேண்டும்.' சோதிக்க மெஷின் எதுவும் வேண்டாம். வண்டி வந்து இறங்கும் நாளில், சாவியைத் திருப்பாமல், டிரைவர்களிலேயே உயரம் குறைந்தவரை ஏற்றி உட்கார வைத்து மிதிக்கச் சொன்னால் போதும். டெலிவரி சீட்டில் கையெழுத்து அதுக்கப்புறம் போடலாம்.