360 பாகை என்றதும் தலையாட்ட வேண்டாம்: நம்ம ஊர் வயர்லஸ் திட்டம் பற்றி ஒரு வார்த்தை



வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் நம்ம ஊர் வயர்லஸ் இணையத் திட்டத்துக்கு வந்த விலைமனு வாசிக்கப்பட்டது. "கோபுரத்தில் ஒரே அன்டெனா. 360 பாகையும் வேலை செய்யும். 5 கிலோமீற்றர் போகும்." விலையும் குறைவு. பலர் தலையாட்டினார்கள். நான் அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும். நேரமாகிவிட்டது என்று பேசாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். அன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. ரேடியோ கொடுக்கும் சக்தியை ஒரு திசைக்குச் சேர்த்து அனுப்புகிறது, அவ்வளவுதான். பெற்றோல்மெக்ஸ் விளக்கு நாலாபக்கமும் வெளிச்சம் தரும், ஆனால் தூரம் போகாது. டோர்ச் ஒரு பக்கம்தான் அடிக்கும், தூரம் போகும். விலைமனுவில் இருப்பது பெற்றோல்மெக்ஸ். செக்டர் அன்டெனா டோர்ச் மாதிரி. 60, 90, 120 பாகை என்று அகலம் பார்த்து வாங்கலாம்.

இப்போது நம்ம ஊரை மேலிருந்து பாருங்கள். கிழக்கே களப்பு. மேற்கே வயல். வீடுகள் பிரதான வீதியோடு வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கின்றன. வயலுக்கு அப்பால், இரண்டரைக் கிலோமீற்றரில் வீட்டுத்திட்டம். 360 பாகை அன்டெனா வைத்தால் சக்தியில் பெரும்பங்கு களப்புத் தண்ணீருக்கும் நெல்லுக்கும் போகும். நாலாபக்கமும் இருந்து வரும் இரைச்சலையும் அதே அன்டெனா வாங்கிக்கொள்ளும். அதோடு ஒரே ரேடியோவை முழு ஊரும் பங்குபோட வேண்டும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும்போது என்னாகும் என்று யோசியுங்கள்.

"அப்படியென்றால் 120 பாகையில் மூன்று வைப்போம்" என்று ஒரு சகோதரர் சொன்னார். வீடுகள் கோபுரத்தைச் சுற்றி வட்டமாக இருக்கும் ஊருக்கு அது சரி. நம்ம ஊர் வட்டமில்லை. என் யோசனை இது: வடக்குக்கு 90 பாகையில் ஒன்று, தெற்குக்கு 90 பாகையில் ஒன்று, மேற்கே வீட்டுத்திட்டத்தைப் பார்த்து 60 பாகையில் ஒன்று. மூன்றும் 5 கிகாஹேர்ட்ஸில், வெவ்வேறு சனலில்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அன்டெனாவுக்கு மேல்கீழ் அகலமும் உண்டு. அது 6 பாகை என்று வைப்போம். 30 மீற்றர் கோபுரத்தில் நேராகக் கட்டினால் கதிரின் கீழ் விளிம்பு நிலத்தைத் தொட ஏறக்குறைய 570 மீற்றர் போக வேண்டும். அதுவரை கதிர் வீடுகளின் தலைக்கு மேலால் போகும். 2 பாகை கீழே சாய்த்தால் அது 340 மீற்றராகக் குறையும். அதற்கும் கிட்ட இருக்கும் வீடுகளுக்குத் தூரம் குறைவென்பதால் ஓரத்தில் கசியும் அலையே பெரும்பாலும் போதும். ஆனால் மேற்குப் பக்க அன்டெனாவை அப்படிச் சாய்க்கக் கூடாது. இரண்டரைக் கிலோமீற்றருக்கு ஒரு பாகைக்கும் குறைந்த சாய்வே போதும். ஆகவே சாய்வைத் திருத்தக்கூடிய பூட்டு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

"5 கிலோமீற்றர்" கதைக்கும் ஒரு பதில். கோபுரம் சத்தமாகக் கூப்பிடும், உங்கள் கைத்தொலைபேசி பதில் சொல்ல வேண்டுமே! அதற்கு அந்தச் சக்தி கிடையாது. தூர வீடுகளுக்குக் கூரையில் ஒரு சிறிய டிஷ் வேண்டும். அந்தச் செலவு விலைமனுவில் இல்லை. தென்னைகளும் குறுக்கே நிற்கக் கூடாது. கோபுரத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றிக் குறைந்தது மூன்றரை மீற்றர் வெளி தேவை. வாங்குவதற்கு முன் மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்தினர் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. அன்டெனாவின் கிடை அகலம், மேல்கீழ் அகலம், டெசிபல் பெறுமானம் எவ்வளவு? 3 டெசிபல் கூடினால் அந்தத் திசையில் சக்தி இரட்டிப்பு.
2. பின்பக்கம் எவ்வளவு கசிகிறது? ஒரே கோபுரத்தில் மூன்று இருக்கும்போது ஒன்றையொன்று குழப்பக் கூடாது.
3. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணிகளா? இடிமின்னலுக்கு நிலத்தொடுப்பு உண்டா? ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம்ம பக்கம் இடி எப்படி என்று சொல்லத் தேவையில்லை.
4. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா?

மூன்று செக்டர் என்றால் மூன்று ரேடியோ. செலவு கூடும், உண்மைதான். பணம் போதாவிட்டால் ஒவ்வொன்றாகச் செய்வோம். அப்படியானால் எது முதலில்? இங்கேதான் சிலருக்கு என்மேல் கோபம் வரும். மேற்குதான் முதலில் என்பேன்.

வீதியோரத்தில் இருக்கும் நமக்குத் தொலைபேசி டவர் சிக்னல் ஓரளவாவது கிடைக்கிறது. வீட்டுத்திட்டத்தில் அதுவும் இல்லை. 2020இல் பாடசாலை மூடியிருந்தபோது அந்தப் பிள்ளைகள் வயல் வரம்பில் குடை பிடித்து நின்று எனது பாடக் குறிப்புகளை இறக்கினார்கள். அவர்களின் வாப்பாமாரும் நம்மைப் போலத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். மலிவான அன்டெனா வாங்கினால் முதலில் விடுபடப்போவது அவர்கள்தான். பிறகு "உங்கட கூரைதான் பிழை" என்று சொல்லித் தப்பிக்கொள்வோம்.

நேபாளத்தில் மலைக் கிராமங்களுக்கு வயர்லஸ் கொண்டுபோனவர் மஹாபீர் புன். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். 2007இல் ரமோன் மக்சாசே விருது பெற்றார். எட்ட இருந்த கிராமங்களை நினைத்துத் தொடங்கிய வேலை அது. நமக்கு மலை இல்லை, ஒரு வயல்தான் குறுக்கே இருக்கிறது.

நேற்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள் கேட்டாள்: "சேர், எங்கட பக்கமும் வருமா?" இன்ஷா அல்லாஹ் என்றேன். அந்தச் சொல்லை வெறும் சமாளிப்பாக ஆக்கிவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஊர் வரைபடம் ஒன்றைக் கொண்டு வருகிறேன். எந்த வீடு எங்கே என்று முதலில் குறிப்போம், அதன் பிறகு அன்டெனா வாங்குவோம். தவறு இருந்தால் திருத்துங்கள். சரி என்றால் நிர்வாகத்தினர் கண்ணில் படும்படி பகிருங்கள்.