பைத்தியத்துக்குப் பாடமா?

“மனநோயாளியைப் பழக்குவதாவது! அவன் என்ன சர்க்கஸ் கரடியா?” நடத்தைவழிச் சிகிச்சை என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே இவ்வாறு கேட்பவர்கள் படித்தவர்களிடையிலும் இருக்கின்றனர். கேள்வியில் மனிதாபிமானம் மணக்கத்தான் செய்கின்றது. ஆனால், அதன் அடியில் வேறொரு கருத்துப் படுத்துக் கிடக்கின்றது. முற்றிய மனநோயாளிக்கு இனி எதையும் கற்பிக்க இயலாது. சோறு போட்டு, மருந்து கொடுத்து, கண்ணில் படாமல் வைத்திருப்பதே அவனுக்குச் செய்யத்தக்க நன்மை என்பதே அக்கருத்து. அதை மறுக்கவே இக்கட்டுரை. கரடி வித்தை காட்டியவர்களையும் நாம் விட்டுவிடப் போவதில்லை.

நடத்தைவழிச் சிகிச்சையின் அடிப்படை எளியது. ஒரு செயலை அடுத்து என்ன நேருகின்றதோ, அதுவே அச்செயல் மீண்டும் நிகழுமா நிகழாதா என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றது. ஸ்கின்னர் புறாக்களிடம் கண்ட இந்த விதியை, 1950-களில் அவரும் அவருடைய மாணவர்களும் மனநோய் மருத்துவமனைகளுக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவர்கள் கண்ட காட்சி வெட்கப்படத்தக்கது. அமைதியாக அமர்ந்து, தானே தலை வாரி, தானே உண்ணும் நோயாளியைத் தாதியர் திரும்பியும் பார்ப்பதில்லை. கூச்சலிடுபவனிடமும், ஆடையைக் கிழிப்பவனிடமும் நாலு பேர் ஓடி வருகின்றனர். நோயைத் தீர்க்க வேண்டிய கூடமே நோயை ஊட்டி வளர்த்துக் கொண்டிருந்தது! இது ஒன்றைக் கண்டு சொன்னதற்காகவே அந்த மனிதர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம்.

கனடாவின் சஸ்காச்செவன் மாநில மருத்துவமனையில் அய்லன் என்ற உளவியலாளர் செய்ததைப் பாருங்கள். மனப்பிளவு நோயால் ஒன்பதாண்டுகளாக அங்கே கிடந்த ஒரு பெண், துண்டுகளைத் திருடித் தன் அறையில் குவித்து வந்தாள். தாதியர் பறிப்பார்கள், அவள் மறுபடியும் சேர்ப்பாள். அய்லன் பறிப்பதை நிறுத்தச் சொன்னார். மாறாக, நாள்தோறும் துண்டுகளைக் கொண்டு போய் அவள் கையில் கொடுக்கச் செய்தார். முதல் வாரத்தில் நாளைக்கு ஏழு. மூன்றாம் வாரத்தில் நாளைக்கு அறுபது. அறையில் 625 துண்டுகள் சேர்ந்தபோது அவளுக்கே சலித்துவிட்டது; தானாகவே வெளியே எடுத்துப் போடத் தொடங்கினாள். பிறகு அவள் துண்டு சேர்க்கவே இல்லை. இதில் அடியில்லை, கட்டில்லை, ஊசியும் இல்லை.

இன்னொரு ஆய்வு, சிரிப்பை அடக்கிக் கொண்டு படிக்க வேண்டியது. நெடுங்காலம் படுக்கையிலேயே புகைத்துக் கிடந்த ஒரு பெண், துடைப்பத்தைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சிகரெட் கொடுக்கப்பட்டது. சில நாள்களில் துடைப்பமும் கையுமாகவே அவள் உலாவத் தொடங்கினாள். காரணம் அறியாத இரு மனநல மருத்துவர்களை அழைத்து அவளைக் காட்டினார்கள். அத்துடைப்பம் அவளுக்குக் குழந்தை என்றும், பேரரசியின் செங்கோல் என்றும் ஆழ்ந்த விளக்கங்கள் பிறந்தன. உண்மையில் அது ஒரு சிகரெட்டின் விலை!

ஆனால், துண்டு சேர்த்த அதே பெண்ணின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அவள் ஆடைமேல் ஆடையாக இருபத்தைந்து ராத்தல் எடைக்கு உடுத்துவாள். அதைக் குறைப்பதற்காக, உணவுக் கூடத்தின் வாயிலில் அவளை எடைபோட்டனர். குறித்த அளவுக்கு மேல் இருந்தால் அந்த வேளை அவளுக்குச் சாப்பாடு இல்லை. அவள் ஆடையைக் குறைத்தாள். இருபத்தைந்து ராத்தல் மூன்றாக இறங்கியது. வெற்றிதான். ஆனால் அது எதைப் பிணை வைத்துப் பெற்ற வெற்றி?

இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் வழக்கு. இல்லினாய் மாநிலத்து அன்னா மருத்துவமனையில் அய்லனும் ஏஸ்ரினும் 1960-களில் நிறுவிய முறை ‘டோக்கன்’ முறை எனப்பட்டது. நோயாளி படுக்கையை ஒழுங்கு செய்தால், பல் துலக்கினால், வேலை செய்தால் அவருக்கு டோக்கன். அந்த டோக்கனைக் கொடுத்து வேண்டியதைப் பெறலாம். டோக்கனை வேலையோடு பிணைத்தபோது பெண்கள் வேலை செய்தனர். வேலை செய்யாவிட்டாலும் டோக்கன் உண்டு என்றபோது வேலை அறவே நின்றது. மறுபடியும் பிணைத்ததும் திரும்பி வந்தது. கற்கும் திறன் அவர்களிடம் செத்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எனினும், அந்த விலைப்பட்டியலில் இருந்தவை யாவை? மிட்டாயும் தொலைக்காட்சியும் மட்டுமல்ல. தனிமையை மறைத்துத் தரும் ஒரு திரை, ஊழியரோடு பேசச் சிறிது நேரம், வழக்கத்துக்கு மேற்பட்ட வழிபாட்டுக்குப் போகும் அனுமதி ஆகியவையும் இருந்தன. இறைவனைத் தொழவும் டோக்கன்! இதைப் பின்பற்றிய சில மருத்துவமனைகளில் உணவும் படுக்கையுமே பட்டியலில் ஏறின.

இந்தப் பாதை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. போர் நடந்து கொண்டிருந்த நாளில் பியன் ஹோவா மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் லாயிட் காட்டர், வேலை செய்ய மறுத்த நோயாளிகளுக்கு மயக்கமருந்து இன்றி மின்னதிர்ச்சி கொடுத்தார். அதற்கும் பணியாத பெண்களுக்கு உணவை நிறுத்தினார். மூன்று நாள் பட்டினியில் எல்லாரும் வேலைக்கு வந்தனர். அவர்களை அனுப்பத் திட்டமிட்ட இடம், அமெரிக்கச் சிறப்புப் படையினரின் முகாம்களுக்குப் பயிர் விளைவிக்கும் வயல்கள்! இதை அவர் ஒளித்து வைக்கவில்லை. 1967-ல் அமெரிக்காவின் முதன்மையான மனநல மருத்துவ இதழில் சாதனையாக எழுதி வெளியிட்டார். பசித்தவன் எழுந்து நடப்பதைக் குணமடைதல் என்று பெயரிட்டு அழைக்க மருத்துவப் பட்டம் ஒன்றும் தேவையில்லை. அடிமைச் சந்தையை நடத்தியவனுக்கும் இந்த ‘மருத்துவம்’ தெரிந்தே இருந்தது.

இவ்விஷயத்தில் நமக்குத் தெளிவான அளவுகோல் உண்டு. திருமறையின் அன்னிஸா அத்தியாயம் ஐந்தாம் வசனம், செல்வத்தைப் பேணும் அறிவு வாய்க்காதவர்களைப் பற்றிப் பேசுகின்றது. செல்வத்தை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட வேண்டாம் என்று எச்சரிக்கின்றது. அடுத்த மூச்சிலேயே அவர்களுக்கு உணவும் உடையும் கனிந்த சொல்லும் உரியவை என்கின்றது. ‘உழைத்தால்’ என்ற நிபந்தனை அங்கே இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1972-ல் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் வகுத்த நெறிகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. சத்தான உணவு, வசதியான படுக்கை, சொந்த உடை, தனிமை, பார்வையாளர், வழிபாடு ஆகிய யாவும் நோயாளியின் உரிமைகள். மருத்துவமனைக்கு ஆதாயம் தரும் வேலையை அவர் மனமுவந்து செய்தால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது.

அத்தோடு நடத்தைவழிச் சிகிச்சையின் கதை முடிந்தது என்று பலர் கைகழுவினர். இதுதான் பெரிய அநியாயம். உரிமைகளைப் பறிக்காமலே கற்பிக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் பாலும் லென்ட்ஸும். இல்லினாய் மாநிலத்திலேயே, பல ஆண்டுகளாக உள்ளே கிடந்து, வேறெங்கும் அனுப்ப இயலாதவர் எனக் கைவிடப்பட்ட நோயாளிகளை இருபத்தெட்டு இருபத்தெட்டுப் பேராக மூன்று குழுக்களாக்கினர். ஒன்றுக்குக் கற்பித்தல் முறை. இன்னொன்றுக்குக் கூடிவாழ்வை அடிப்படையாகக் கொண்ட முறை. மூன்றாவதற்கு வழக்கமான மருத்துவமனைப் பராமரிப்பு. முதல் இரண்டையும் ஒரே ஊழியர்களே மாறி மாறி நடத்தினர். ஆகவே, ஊழியர் நல்லவர் என்பதால் வந்த விளைவு என்று சொல்லித் தப்ப இடமில்லை. 1977-ல் முடிவுகள் நூலாக வந்தன. கற்பித்தல் முறையில் இருந்தவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மருத்துவமனையை விட்டு வெளியேறி வாழ்ந்தனர். வழக்கமான பராமரிப்பில் பாதிப் பேர்கூட அவ்வாறு வெளியேறவில்லை. செலவும் குறைவு.

இத்தகைய முடிவு ஒரு மாத்திரைக்குக் கிடைத்திருந்தால் உலகமெங்கும் விளம்பரப் பலகைகள் முளைத்திருக்கும். ஆனால், கற்பித்தலை விற்க எந்தக் கம்பெனிக்கும் இயலாது. அதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற தாதி, பொறுமை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எழுதி வைக்கும் குறிப்பேடு. ஆகவே முறை ஏட்டில் நின்றது. மருந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாயக்குரலையும் வீண் அச்சத்தையும் அடக்க மருந்து பலருக்கு இன்றியமையாதது. ஆனால் பத்தாண்டு படுக்கையில் கிடந்தவனுக்குச் சட்டைப் பொத்தானைப் போடவும், கடைக்காரனிடம் பாக்கிச் சில்லறை கேட்டு வாங்கவும், எதிரில் வருபவனுக்கு ஸலாம் சொல்லவும் எந்த மாத்திரை கற்றுத் தரும்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6-ம் நாள் விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. இறந்தவர் 28 பேர். நம் சமுதாயத்தவர் பெருமதிப்புக் கொண்டுள்ள தர்காவின் நிழலில் நடந்தது இது. 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் சித்தம் பேதலித்தவர்களுக்கெனத் தனிப் பகுதியே இருந்தது என்று மேடைதோறும் மார்தட்டும் நாம், அந்தச் சங்கிலிகளைப் பற்றி அதுவரை எத்தனை மேடைகளில் பேசினோம்? தீக்குப் பிறகு விடுதிகள் மூடப்பட்டன. பலர் சென்னை கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டு போகப்பட்டனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ம் பிரிவில் அடியோடு தடை செய்துள்ளது. நல்லது. ஆனால், சங்கிலி கழன்ற கைக்கு நாம் என்ன வேலை கற்பித்தோம்?

சங்கிலியிட்டவன் சொன்னதும், மூன்று வேளை மாத்திரையோடு கதவைச் சாத்துபவன் சொல்வதும் ஒன்றே: “இவனுக்கு இனி ஒன்றும் ஏறாது.” துண்டு சேர்த்த பெண்ணும், இல்லினாயில் வீடு திரும்பியவர்களும் அதைப் பொய்யாக்கிவிட்டனர். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் அறக்கட்டளையைத் தொடங்கியபோதும், மனப்பிளவு நோயாளிக்குத் தொழிலும் பழக்கமும் திரும்பக் கற்பிக்கலாம் என்ற துணிவே அதன் அடித்தளமாயிற்று.

அதே 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 18-ம் பிரிவு இன்னொன்றையும் அரசின் கடமையாக்குகின்றது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில் தங்கி வாழப் பழகும் இல்லங்களும், மறுவாழ்வுப் பணிகளும் மக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றது. நம் மாவட்டத்தில் அப்படி ஓர் இல்லம் எங்கே இருக்கின்றது, அங்கே கற்பிப்பவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் கலெக்டரிடம் எழுத்து மூலம் கேட்கட்டும். வக்ஃபு வருமானத்தில் கந்தூரிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்து, பயிற்சி பெற்ற ஒரு தாதிக்குச் சம்பளம் கொடுக்க எந்த நிர்வாகம் முன்வரும் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடலாம்.