முதலில் உயிர், பிறகு கணக்கு

குள்ளஞ்சாவடிக் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கும் பெண்மணிகளின் சாமர்த்தியத்தை நாம் வெகு காலமாக வியந்து வருகிறோம். கூடையைக் கிளறி, முகத்தைச் சுளித்து, நாலடி நடந்து, மறுபடியும் திரும்பி வந்து, ஐந்து ரூபாயாவது குறைத்த பிறகுதான் பையைத் திறப்பார்கள். அப்படிப்பட்ட ஓர் அம்மாள், பேரம் என்ற பேச்சே இல்லாமல் தம் வளையல்களைக் கழற்றி நம் கையில் வைத்ததையும் ஓர் இரவு பார்த்தோம்.

அவர் கணவர் நம்மோடு தனியார் பள்ளியில் உபாத்தியாயராயிருந்தவர். இரவு பத்து மணிக்கு மார்வலி. வாடகைக் காரில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரின் முகத்தைக் காண்பதற்கு முன்னால் முன்பணம் வாங்கும் ஜன்னலைக் கண்டோம். "ஐம்பதாயிரம் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுவாருங்கள், ஸார்" என்றார் உள்ளேயிருந்த இளைஞர். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. நால்வர் கைபேசிகளிலிருந்தும் தேறியது 27,000 ரூபாய். அந்த நேரத்தில் அடகுக்கடை ஏது? ஊர் மளிகைக் கடைக்காரர், வளையலைக் கேட்காமலே மீதியை அனுப்பி வைத்தார். நண்பர் பிழைத்துவிட்டார். கடன் தீர மூன்று வருஷம் ஆயிற்று.

கத்தரிக்காய் விலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மார்வலிக்காரரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விலை விசாரிக்க முடியுமா? வாங்குகிறவர் வேண்டாமென்று சொல்ல முடியாத இடத்தில் நடப்பது வியாபாரமே அல்ல.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அவசர சிகிச்சைக்கு வந்தவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986-இல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் பிழைத்து வீடு திரும்பியவரைப் பின்தொடர்ந்து பில் வருவதை அது தடுக்கவில்லை. எதிர்பாராத பில்களைக் கட்டுப்படுத்த 2022-இல் மற்றொரு சட்டம் அமலுக்கு வந்தது. அதிலும் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் வண்டியை விட்டுவிட்டார்கள்! நம் தமிழ்நாட்டிலோ, 2008-இல் ஓடத் தொடங்கிய 108 வண்டி, ஏறுகிறவரிடம் காசு கேட்பதில்லை.

நம் தேசத்திலும் நீதிக்குக் குறைவில்லை. சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காப்பதே முதற்கடமை என்று 1989-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆயினும் 1992-இல், வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியைப் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகள் படுக்கை இல்லையென்று திருப்பிவிட்டன. தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சுமார் 17,000 ரூபாய் செலவாயிற்று. 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிட்டபோது வருஷம் 1996. ஆக, தீர்ப்பும் இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது.

ஜன்னலை மூட வழி என்ன? ஆபத்து வருமுன்பே பொதுப்பணம் தயாராக இருப்பதுதான். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் அதைத்தான் செய்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராயினும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-இல் மத்திய சர்க்காரும் விபத்துக்குள்ளானவர்களுக்கு ஏழு நாள் வரையில், ஒன்றரை லட்சம் ரூபாய்க்குட்பட்டு, சிகிச்சை தர விதி செய்தது. நல்ல காரியங்கள்! ஆனால் சாலையில் அடிபட்டவருக்குள்ள இந்த ஆதரவு, வீட்டு ஊஞ்சலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவருக்கும் வேண்டாமா? காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்புக்குச் சற்றே மேலே நிற்கும் நடுத்தரக் குடும்பம், அதற்கு உள்ளேயும் இல்லை; செலவைத் தாங்கும் சக்தியும் இல்லை.

நம் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றிரவு நாம் 108-ஐக் கூப்பிடவில்லை. கடலூர் சர்க்கார் ஆஸ்பத்திரியையும் நினைக்கவில்லை. படித்தவர்களல்லவா, கௌரவம் தடுத்தது! அந்தக் கௌரவத்தின் விலை மூன்று வருஷக் கடன். சர்க்கார் ஆஸ்பத்திரியை நம்முடையது என்று எண்ணி, நாமும் போய், குறைகண்ட இடத்தில் கேள்வி கேட்டால்தான் அது சீர்படும்.

நம் ஊரிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவரிடம் அங்கே முன்பணம் கேட்பதில்லை. முதலில் இலை போடுகிறார்கள். பசிக்கு உள்ள நியாயம் பிராணனுக்கும் உண்டல்லவா?