ஓட்டை சின்னதுதான்... ஆனால் வேணுமா?

'ஆபரேஷன்னதும் பயந்துடாதீங்க சார். தோலை நீளமாக் கிழிக்கிறதெல்லாம் அந்தக் காலம். இப்ப சாவித் துவாரம் மாதிரி ஒரே ஒரு ஓட்டை. காலையில அட்மிஷன், சாயந்திரம் நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்!'

சொன்னவர் டாக்டர் இல்லை. டை கட்டிய இளைஞர். சட்டையில் 'பேஷன்ட் கவுன்சிலர்' என்று பேட்ஜ். இடம், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூன்று வாரமாக இடுப்பு வலி என்று போயிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தது ஒரு நிமிஷம், என் எம்.ஆர்.ஐ. ஃபிலிமைப் பார்த்தது மூன்று நிமிஷம். 'எல்-4, எல்-5 டிஸ்க் பிதுங்கியிருக்கு. கீஹோல்ல முடிச்சிடலாம்' என்று பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே கவுன்சிலர் கேட்ட முதல் கேள்வி: 'இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு எடுத்திருக்கீங்க சார்?'

நான் பி.காம். படித்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால், விலையைச் சொல்வதற்கு முன்னால் பையில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பது என்ன மாதிரி வியாபாரம் என்று தெரியும். 'வீட்ல கேட்டுட்டு வர்றேன்' என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து போனது, அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு டாக்டரிடம். மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். கால் கட்டைவிரலை மேலே நிமிர்த்தச் சொன்னார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். 'வலி காலுக்கு இறங்குதா? மரத்துப் போகுதா?' இரண்டுக்கும் இல்லை என்றேன். 'அப்புறம் எதுக்குய்யா ஆபரேஷன்? படுத்தே கிடக்காதீங்க, நடங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க.'

ஐந்தாவது வாரமே வலி போய்விட்டது. டிஸ்க்? அது இன்னமும் பிதுங்கித்தான் இருக்கும்.

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய ஓர் ஆய்வுத் தொகுப்பு 2015-ல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. 50 வயதில் 60 சதவிகிதம். 80 வயதில் 84. அதாவது, தலை நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் வயதாகிறது. நரைத்த முடிக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறோமா?

கீஹோலை நான் திட்டவில்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் கால் வலி வருகிறது என்று பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எழுதினார்கள். அன்றைக்கு அதைச் சரிசெய்ய முதுகைப் பெரிதாகத் திறக்க வேண்டும். இன்றைக்குப் பேனா தடிமனில் ஒரு குழாய் போதும். தசை அதிகம் சேதமாகாது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். நிஜமான முன்னேற்றம்தான்.

ஆனால், ஓட்டை சின்னதாகிவிட்டால் பலன் பெரிதாகிவிடுமா? நெதர்லாந்தில் 613 பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வு, எண்டோஸ்கோப் முறை பழைய மைக்ரோ சர்ஜரிக்குச் சளைத்ததில்லை, கால் வலியில் கொஞ்சம் கூடுதல் பலன்கூட உண்டு என்றது. அதே நாட்டில் 328 பேரிடம் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், குழாய் வழி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி குறைந்தது சற்றுக் கம்மி! இன்னொன்றையும் கவனியுங்கள். இவர்கள் எல்லோரும் நரம்பு அழுந்தி, வலி காலுக்கு இறங்கியவர்கள். வெறும் இடுப்பு வலிக்காரர்கள் இல்லை.

அந்தக் கால் வலிக்குமே அவசரம் இல்லை என்கிறது 2007-ல் வந்த மற்றொரு டச்சு ஆய்வு. கடுமையான கால் வலி உள்ள 283 பேரில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன். மீதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சீக்கிரம் குணமானது, வாஸ்தவம். ஆனால், ஒரு வருஷம் கழித்து இரண்டு கோஷ்டியிலும் 95 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவிகிதம் பேர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள். மீதிப் பேர் கத்தி படாமலே தப்பித்தார்கள்.

இதை என்னிடம் அந்தக் கவுன்சிலர் சொன்னாரா? டாக்டராவது சொன்னாரா?

'முதுகுல கத்தி வெச்சா கால் போயிடும்' என்று ஒரு பயம் நம்மிடம் இருந்தது. மூடத்தனம்தான். ஆனால், அந்தப் பயம்தான் நாலு பேரைக் கேட்க வைத்தது, ரெண்டாவது டாக்டரிடம் போக வைத்தது. இப்போது 'சின்ன ஓட்டை' என்று சொல்லிப் பயத்தைப் போக்கிவிட்டார்கள். கூடவே கேள்வியையும் போக்கிவிட்டார்கள். எப்படிச் செய்வது என்பதற்குத்தான் ஓட்டை பதில். செய்யணுமா என்பதற்கு அது பதிலே இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரத்தில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். திடீரென்று சிறுநீர் வராமல் போனால், மலம், சிறுநீர் கட்டுப்பாடு போனால், உட்காரும் இடம் மரத்துப் போனால், பாதம் தொங்கிப் போனால் அன்றைக்கே ஓடுங்கள். அப்போது காத்திருப்பதுதான் ஆபத்து.

மற்றவர்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. என்ன சிகிச்சை, மாற்று வழி என்ன, முக்கிய ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும் - இத்தனையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. நோயாளிகளை வலைவீசிப் பிடிப்பதும் கமிஷன் வாங்குவதும் தப்பு என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. ஃபைலை வாங்கிக்கொண்டு ரெண்டாவது டாக்டரிடம் போங்கள். கோபித்துக்கொள்கிற டாக்டர் என்றால், அவரிடம் முதுகைக் காட்டாதீர்கள்!

போன வாரம் அந்தக் கவுன்சிலர் போன் பண்ணினார். 'பேக்கேஜ்ல டிஸ்கவுன்ட் போட்டிருக்கோம் சார். வலி எப்படி இருக்கு?'

'போயிடுச்சு தம்பி.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாவம், அவருக்கு எங்கேயோ வலித்திருக்கும்.