பேத்துப்பாறைக்கு ஒரு பிக்சல் போதாது

வருஷா வருஷம் நம்ம ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் ஒரு மலேரியா போஸ்டராவது இருக்கும். செயற்கைக்கோள் மழைத் தரவு, வெப்பநிலைத் தரவு, ஒரு மெஷின் லேர்னிங் மாடல், கடைசியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு தமிழ்நாடு மேப். இந்த வருஷம் அந்த மேப்பைப் போட்டது எங்க டீம். கைதட்டல் எல்லாம் கிடைத்தது. அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில், பேத்துப்பாறையிலிருந்து வரும் எங்க டீம் பையன் தன் ஊரை ஜூம் பண்ணிப் பார்த்தான். "டேய், எங்க ஊரும் பழனியும் ஒரே கலர்ல இருக்குடா" என்றான்.

கொடைக்கானல் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தப்பு என்று புரியும். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆனா உயரத்தில் சுமார் 1,800 மீட்டர் வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால், கீழே ஃபேன் ஓடும் நேரத்தில் மேலே ஸ்வெட்டர். வில்பட்டி தாண்டி இறங்கும் சரிவில் இருக்கிறது பேத்துப்பாறை. நாங்கள் எடுத்த வானிலைத் தரவின் ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது ஒரு பக்கம் 25 கிலோமீட்டருக்கும் மேல். மலை, சரிவு, அடிவாரம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, ஒரே சராசரி எண்ணாக வெளியே வருகிறது. அந்த எண் யாருடைய ஊரின் வெப்பநிலையும் இல்லை.

"ஒண்ணு ரெண்டு டிகிரி முன்னபின்ன இருந்தா என்ன?" என்று நானும்தான் கேட்டேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடம்புக்குள் வளர்ந்து முடிந்தால்தான் அந்தக் கொசு நோயைக் கடத்த முடியும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதற்கு, டெட்டினோவாவின் 1962ஆம் ஆண்டு நூல் வழியாகப் பரவலான ஒரு பழைய சூத்திரம் உண்டு. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கு, வெப்பநிலையிலிருந்து 14.5ஐக் கழித்து, 105ஐ அதால் வகுக்க வேண்டும். தோராயமான சூத்திரம்தான், ஆனா அது காட்டும் விஷயம் முக்கியம். சென்னையில் 29 டிகிரி, 30 டிகிரி இரண்டுக்கும் போட்டுப் பாருங்க: 7.2 நாள், 6.8 நாள். அரை நாள்கூட வித்தியாசம் இல்லை. மலையில் 17 டிகிரி, 18 டிகிரிக்குப் போடுங்க: 42 நாள், 30 நாள். ஒரே ஒரு டிகிரியில் 12 நாள்! பெரும்பாலான கொசுக்கள் ஒரு மாதம் தாண்டி உயிரோடு இருப்பதில்லை. 42 நாள் என்றால் ஒட்டுண்ணி முதிர்வதற்குள் கொசு செத்துவிடும். 30 என்றால் ஒன்றிரண்டு தப்பிக்கலாம்.

அதாவது, ஒரு டிகிரிக்கு மதிப்பே இல்லாத சமவெளியில் நம்ம தரவு சரியாக இருக்கிறது. ஒரு டிகிரிதான் எல்லாமே என்கிற மலைச்சரிவில் அது பல டிகிரி தப்பாக இருக்கிறது.

ஏன் இது வெறும் மார்க் விஷயம் இல்லை என்றால், வெப்பம் கூடக்கூட நோய் மேலே ஏறும் என்பது ஏற்கெனவே பார்த்த ஒன்று. எத்தியோப்பியா, கொலம்பியா மலைப்பகுதிகளின் மலேரியா பதிவுகளை வைத்து 2014இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. வெப்பம் அதிகமான ஆண்டுகளில் நோய் இன்னும் உயரமான இடங்களுக்குப் பரவியிருந்தது. நம்ம கொடைக்கானலே 1845இல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து மேலே ஏறி உண்டாக்கிய ஊர். அந்தப் பாதுகாப்புக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது, நகர்கிறதா என்று கேட்டால், பதில் பேத்துப்பாறை மாதிரியான நடுச்சரிவு ஊர்களில்தான் முதலில் தெரியும்.

அப்போ பெரிய கட்டத்தை விட்டுட்டு மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் ஒரு கிலோமீட்டர் தரவை எடுத்தால் போதாதா? எடுத்தோம். அது அளப்பது தரையின் மேற்பரப்பு வெப்பத்தை, காற்றின் வெப்பத்தை அல்ல. அதைவிடப் பெரிய தலைவலி மேகம். மேகம் மூடினால் அந்த நாளுக்குத் தரவே கிடையாது. நமக்கு வேண்டியது மழை மாதங்கள், அந்த மாதங்களில் மலை முழுக்க மேகம்!

இது பற்றி அந்தப் பையனின் அப்பத்தாவுக்குப் போனில் விளக்கப் போய் நன்றாக மாட்டிக்கொண்டேன். "ஏன் தம்பி, மேல சுத்துறது எங்க வீட்டு ஓட்டைத்தான பாக்கும், உள்ள எப்படிப் பாக்கும்?" என்று கேட்டார். மலேரியாக் கொசுக்களில் பல வகை கடித்த பிறகு வீட்டுக்குள்ளேயே சுவரில் ஒதுங்குபவை. ராத்திரி வெளியே குளிர், உள்ளே அடுப்புச் சூடு. ஒட்டுண்ணி வளர்வது அந்த உள் வெப்பத்தில். எங்க ரிவ்யூவில்கூட யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மழை கணக்கும் இப்படித்தான். மழை பெய்தால் கொசு என்று மாடலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். இலங்கையில் 1934-35இல் சுமார் 80,000 பேரைக் கொன்ற மலேரியா, மழை பொய்த்ததால் வந்தது. ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி, கொசு பெருகியது. சென்னையின் கொசுவோ மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். அதற்கு மழையும் வேண்டாம், மூடாத மூடி போதும். எந்தச் செயற்கைக்கோளுக்கும் அது தெரியாது.

செயற்கைக்கோளே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1908இல் பஞ்சாபை உலுக்கிய மலேரியாவை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ், 1911இல் மழை அளவையும் தானிய விலையையும் இறப்புப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தார். அவரிடம் இருந்த வானிலைத் தரவு நம்மிடம் இருப்பதில் தூசு. ஆனா எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை பேர் என்ற பதிவு இருந்தது. நாங்கள் போட்டது மாவட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு எண். இதில் வைவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து திரும்ப வரும். வேலைக்கு வெளியூர் போனவர் அங்கே கடிபட்டு, இங்கே வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். அந்தக் கேஸை நம்ம ஊர் மழையோடு முடிச்சுப் போட்டால் மாடல் எதைக் கற்றுக்கொள்ளும்?

ஆரம்ப சுகாதார நிலைய அளவில் மாதாந்திர எண்ணிக்கையை, பெயர் இல்லாமல், தொற்றியது உள்ளூரிலா வெளியூரிலா என்ற ஒரு காலத்தோடு அரசு வெளியிட வேண்டும். ரொம்பச் சின்ன ஊரின் எண்ணிக்கையைத் தனியாகப் போடக் கூடாது, ஆள் யார் என்று தெரிந்துவிடும். 2030க்குள் மலேரியாவை ஒழிப்போம் என்று சொல்லும் நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை. கேஸ் குறையக் குறைய ஒவ்வொரு கேஸும் எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி?

நம்ம பக்கத்திலும் ஒரு வேலை இருக்கு. சில நூறு ரூபாய் சென்சார், ஒரு மெமரி கார்டு, ஒரு பேட்டரி. டிசம்பர் லீவில் மூன்று பெட்டிகளோடு பேத்துப்பாறை போகிறோம். ஒன்று ஊருக்கு மேலே, ஒன்று கீழே. வெளியே கட்டுவதை யானை விட்டுவைக்குமா என்பது தனிக் கவலை. மூன்றாவது அப்பத்தா வீட்டுக்குள். பெட்டி வைக்கச் சம்மதித்துவிட்டார், அடுப்படியில் மட்டும் இடம் கிடையாதாம்.